தலைமையாசிரியர் நாற்காலிக்கு ஒரு விண்ணப்பம்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் தலைமையாசிரியர் ஆவதற்கு என்ன வேண்டும்? பட்டம், பி.எட்., துறைத் தேர்வுகளில் தேர்ச்சி. அதற்குமேல் வேண்டியது பொறுமை. பணிமூப்புப் பட்டியலில் நம் பெயர் மேலே ஏறிவரும்வரை காத்திருக்க வேண்டும். கலந்தாய்வில் இடம் கிடைத்த மறுநாள், 20 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவர் சாவிக்கொத்து, வருகைப் பதிவேடு, எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்தின் கடவுச்சொல், கழிப்பறைக் குழாய் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி ஆகிவிடுவார். பி.எட். படித்தபோது ஏதோ ஒரு தாளில் புரட்டிய சில பக்கங்களைத் தவிர, ஒரு பள்ளியை எப்படி நடத்துவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் வழி வேறு. அங்கே அரசுப் பள்ளியின் முதல்வராவதற்கு மாநிலம் வழங்கும் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்குப் பெரும்பாலும் கல்வி நிர்வாகத்தில் முதுநிலைப் படிப்பு, வகுப்பறை அனுபவம், ஒரு பள்ளியில் பயிற்சிக் காலம், உரிமத் தேர்வு எல்லாம் தேவைப்படும். வகுப்பறை அனுபவம் எத்தனை ஆண்டு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 2, நியூயார்க்கில் 3, கலிஃபோர்னியாவில் 5. ஆகவே அங்கே இந்தத் துறையின் முதுநிலைப் படிப்புகளில் பெரும்பகுதி, ஓட்டுநர் உரிமம் வாங்கப் போகிறவர் சேரும் பயிற்சிப் பள்ளி மாதிரிதான். இது தெரியாமல் இங்கிருந்து விண்ணப்பித்தால் பணமும் வீண், ஒரு வருடமும் வீண்.

இந்தப் படிப்பு எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்வது விண்ணப்பம் எழுதும்போது உதவும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் கல்லூரியில் 1905-ல் இரண்டு பேர் முனைவர் பட்டம் வாங்கினார்கள்: எல்வுட் கபர்லி, ஜார்ஜ் ஸ்ட்ரேயர். இருவரின் ஆய்வும் பள்ளிக்கு வரும் பணத்தைப் பற்றியது. நிதியை எப்படிப் பங்கிடுவது, நகரப் பள்ளிகள் எதற்குச் செலவழிக்கின்றன என்ற கணக்குகள். கபர்லி ஸ்டான்ஃபோர்டில் வேரூன்றினார், ஸ்ட்ரேயர் கொலம்பியாவிலேயே. ஒரு தலைமுறைப் பள்ளி நிர்வாகிகளை உருவாக்கியதில் இவர்கள் இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. தொழிற்சாலையை நடத்துகிறவரின் கண்ணோடு பள்ளியைப் பார்க்கும் பழக்கமும் அந்தக் காலத்தில்தான் ஊன்றியது. ரேமண்ட் கேலகன் என்ற வரலாற்றாசிரியர் 1962-ல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வெளுத்து வாங்கினார்.

2005-ல் இன்னொரு அடி விழுந்தது. அதே டீச்சர்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த ஆர்தர் லெவின், நாடு முழுக்க உள்ள கல்வி நிர்வாகப் படிப்புகளின் தரம் மோசம் என்று அறிக்கை வெளியிட்டார். அவர் சுட்டிய காரணங்களில் ஒன்று நமக்கும் பழக்கமானது: மேல்படிப்பு முடித்தால் சம்பளம் கூடும் என்பதற்காகவே ஆசிரியர்கள் சேர்கிறார்கள், பல்கலைக்கழகங்களும் அதற்கேற்ப எளிதான பட்டங்களை விற்கின்றன. இங்கேயும் ஊக்க ஊதிய உயர்வுக்காக எம்.எட்., எம்.ஃபில். என்று அடுக்கிய காலம் ஒன்று இருந்தது. 2020-ல் அரசு அதை நிறுத்தியது. லெவினின் அறிக்கைக்குப் பிறகு நல்ல துறைகள் விழித்துக்கொண்டன. சம்பள உயர்வுக்காக வருகிறவரையும் வேலைக்காக வருகிறவரையும் பிரித்தறிய வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு ஏற்பட்டது. உங்கள் விண்ணப்பத்தைப் படிக்கப்போகிற பேராசிரியர் இந்தச் சந்தேகத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்.

பட்டங்களின் பெயர்கள் முதலில் தலைசுற்ற வைக்கும். முதுநிலை என்றால் எம்.எட்., எட்.எம்., எம்.ஏ., எம்.எஸ். என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு பெயர் வைத்திருக்கும். எழுத்துகளைவிட உள்ளே இருக்கும் பாடங்கள்தான் முக்கியம். முதுநிலைக்கும் முனைவருக்கும் நடுவே எட்.எஸ். என்று ஒரு படி உண்டு. அது பெரும்பாலும் உள்ளூர் உரிமத்துக்கானது, நமக்கு வேலையில்லை. முனைவர் நிலையில் எட்.டி., பிஎச்.டி. என்று இரண்டு. எட்.டி. என்பது வேலையில் இருக்கிற நிர்வாகிக்கு, பிஎச்.டி. என்பது ஆய்வாளராகப் போகிறவருக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கோடு அடிக்கடி அழிந்துபோகும். அமெரிக்காவில் எட்.டி.யை 1920-ல் தொடங்கிவைத்த ஹார்வர்டே 2014-ல் அதைக் கைவிட்டுப் பிஎச்.டி.க்கு மாறிவிட்டது. அதற்குமுன் 2010-ல் எட்.எல்.டி. என்று கல்வித் தலைமைக்கான மூன்றாண்டு முனைவர் பட்டத்தையும் தொடங்கியிருந்தது. அதன் மூன்றாம் ஆண்டு முழுவதும் மாணவர் ஏதாவது ஒரு கல்வி அமைப்பில் வேலை பார்க்க வேண்டும்.

பள்ளி நிர்வாகம் ஒரு கிளை, உயர்கல்வி நிர்வாகம் இன்னொரு கிளை. கல்லூரியில் சேர்க்கை, விடுதி, தேர்வுப் பிரிவு, தரமதிப்பீட்டுக் குழு என்று எதிலாவது கைவைத்தவர்கள் இரண்டாவது கிளையைப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவருக்கு இது கொஞ்சம் எளிது, இதற்கு மாநில உரிமத் தொல்லை கிடையாது. பாஸ்டன் கல்லூரியில் பன்னாட்டு உயர்கல்விக்கென்றே ஒரு மையத்தை 1995-ல் நிறுவிய ஃபிலிப் ஆல்ட்பாக், இளம் வயதில் பம்பாய் மாணவர் அரசியலைப் பற்றி ஆய்வு செய்தவர். இந்தியக் கல்லூரி என்றால் என்ன என்று அடிப்படையிலிருந்து விளக்கவேண்டிய அவசியம் இல்லாத இடங்களும் அங்கே உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

விசா விஷயத்தில் ஏஜென்டுகள் விட்டுவிடும் விவரங்கள் சில இருக்கின்றன. கல்வி நிர்வாகப் படிப்புகளில் ஏராளமானவை இணையவழியிலோ, சனி ஞாயிறுகளிலோ நடக்கும், ஏனென்றால் சேர்பவர்கள் அங்கே வேலையில் இருக்கும் ஆசிரியர்கள். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவர் முழுநேரம் படிக்க வேண்டும். அந்த முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஓர் இணையவழிப் பாடத்தைத்தான் சேர்க்க முடியும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால், இந்தத் திட்டத்துக்கு மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தருவீர்களா என்று கேட்டு எழுதுங்கள். 'இல்லை' என்று பதில் வந்தால் விண்ணப்பக் கட்டணமாவது மிச்சம். படித்து முடித்தபின் கிடைக்கும் வேலைப் பயிற்சிக் காலம் 12 மாதம். கணினிப் படிப்புக்காரர்கள் வாங்கும் கூடுதல் 24 மாதம் இந்தத் துறைக்குக் கிடையாது. கல்விப் புள்ளியியலும் கல்வி மதிப்பீட்டு ஆய்வும் அந்தச் சலுகைப் பட்டியலில் இருக்கின்றன, நிர்வாகம் இல்லை.

இங்கே பள்ளியில் வேலைபார்த்துவிட்டு, திருமணமாகி கணவரின் எச்-1பி விசாவைச் சார்ந்து எச்-4 விசாவில் அங்கே இருக்கும் பெண்களின் நிலைமை வேறு. அந்த விசாவிலேயே முழுநேரம் படிக்கலாம், வேறு விசாவுக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் தனி அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. உரிமத்தோடு சேர்ந்த படிப்புகளோ, "இப்போது எந்தப் பள்ளியில் வேலை பார்க்கிறீர்கள், உங்கள் முதல்வரின் ஒப்புதல் கடிதம் எங்கே" என்று கேட்கும். டெக்சாஸ் மாதிரியான மாநிலங்களில் முதல்வர் சான்றிதழுக்கு முன்பே ஆசிரியர் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். ஆக அவர்கள் முதலில் தட்டவேண்டியது ஆசிரியர் உரிமத்தின் கதவை. அது வேண்டாம் என்றால் உரிமம் சேராத, கல்விக் கொள்கை பக்கம் சாய்ந்த முதுநிலைப் படிப்புகள் இருக்கின்றன.

இனி, விண்ணப்பத்தின் உயிர்நாடியான நோக்கக் கட்டுரை. இரண்டு பக்கம்தான் இருக்கும். 'ஆசிரியப் பணியே அறப்பணி' என்று அதைத் தொடங்கினால் படிப்பவருக்கு அந்த இடத்திலேயே கொட்டாவி வந்துவிடும். குழந்தைகளை நேசிக்கிறேன், சின்ன வயதில் சுவரில் கரிக்கட்டியால் எழுதி டீச்சர் விளையாட்டு விளையாடினேன் என்பதெல்லாம் பி.எட். சேர்க்கைக்குக்கூடத் தேறாது. பாடம் நடத்துவதில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதும் இங்கே பாதி உதவிதான். நல்ல ஆசிரியர் எல்லாரும் நல்ல நிர்வாகி இல்லை என்பதால்தானே இந்தத் துறையே பிறந்தது. ஒரு பள்ளியில் பிள்ளைகளின் படிப்பு தடைபடும்போது, வகுப்பறைக்கு வெளியே எந்தக் கயிறு சிக்கியிருக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்க முடிகிறதா என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர். அவருடைய ஊரில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பெண்பிள்ளைகள் பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் சேர்கிறார்கள், ஆனால் தீபாவளிக்குள் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பதுதான் ஆசிரியர் அறையின் பேச்சு. இவர் நாலைந்து வீடுகளுக்குப் போய் விசாரிக்கிறார். காலை பேருந்து 7.10-க்கு, அதை விட்டால் அடுத்தது 10.30. மாலையில் சிறப்பு வகுப்பு முடிந்தால் கடைசிப் பேருந்தும் போய்விடும். இவர் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, தீர்மானம் போட்டு, பணிமனைக்கு மனு கொடுக்கிறார். மூன்று மாதம் அலைந்த பிறகு பேருந்து நேரம் மாறுகிறது, அல்லது மாறவில்லை. மாறவில்லை என்றாலும் பாதகமில்லை. பள்ளியின் கதவு போக்குவரத்துக் கழகப் பணிமனையில் மூடிக்கிடக்கிறது என்று கண்டுபிடித்தாரே, அதுதான் நிர்வாகம். 'மேல்நிலைக் கல்வியில் பெண்களின் இடைநிற்றலைத் துறைகளுக்கு இடையிலான ஒருங்கிணைப்பு எப்படிப் பாதிக்கிறது என்று படிக்க விரும்புகிறேன்' என்று அவர் அடுத்த பத்தியில் எழுதினால், அந்த வாக்கியத்துக்குப் பின்னால் 7.10 பேருந்து நிற்கும். வெறும் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதியிருந்தால் அது காற்றில் பறக்கிற காகிதம்.

இப்படிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லையே என்று ஆசிரியர்கள் நினைக்கிறார்கள். எமிஸில் பதிவேற்றுவதே பிழைப்பாகிவிட்டது என்று புலம்புகிறவர் கையில், எந்த மாணவர் எந்த மாதத்திலிருந்து வரவில்லை என்ற முழுத் தகவலும் இருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்தவர், ஆள் சேர்ப்பும் மேற்பார்வையும் செய்திருக்கிறார். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். அவர்களைக் கூட்டத்துக்கு வரவைத்து வாயைத் திறக்க வைத்தவருக்கு, அமெரிக்கப் பாடத்திட்டத்தில் ஒரு பருவம் முழுக்கப் படிக்கவேண்டிய விஷயம் கைப்பழக்கமாகத் தெரியும். கணக்கு ஆசிரியர் இடம் காலியாக இருந்த வருடத்தில் கால அட்டவணை போட்டவர் ஒருவர் போதும், கட்டுரைக்கு வேண்டிய சரக்கு கிடைத்துவிடும். இவற்றை நாம் 'எக்ஸ்ட்ரா வேலை' என்று ஒதுக்கிவிடுவதால் எழுதத் தோன்றுவதில்லை.

கட்டுரையின் கடைசிப் பகுதி அந்தப் பல்கலைக்கழகத்தைப் பற்றியது. உலகப் புகழ்பெற்ற தங்கள் நிறுவனம் என்று ஆலத்தி எடுக்க வேண்டாம். அங்கே பள்ளி நிதியைப் பற்றி ஆய்பவர் யார், தலைமையாசிரியர் பயிற்சியைப் பற்றி எழுதுபவர் யார் என்று பார்த்து, அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துவிட்டு, உங்கள் கேள்வி அதோடு எங்கே ஒட்டுகிறது என்று இரண்டு வரி எழுதினால் போதும். பிஎச்.டி.க்கு இது கட்டாயம் என்றே சொல்வேன், ஏனென்றால் உங்களை வழிநடத்த ஆள் இருந்தால்தான் இடம் தருவார்கள். ஆய்வில் முனைப்பான துறைகளைத் தேட ஒரு சுருக்குவழி உண்டு. யு.சி.இ.ஏ. என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் உறுப்பினர் பட்டியலிலிருந்து தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதங்கள் மூன்று கேட்பார்கள். நம் ஊர் நடைமுறை தெரிந்ததுதான்: "நீங்களே எழுதிட்டு வாங்க டீச்சர், நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." மூன்று கடிதமும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பது நாலு வரி படித்தாலே தெரிந்துவிடும். கடிதம் எழுதுபவருக்கு நேரடியாக ஓர் இணைய இணைப்பு போகும். அவர்தான் ஏற்ற வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கும். 1974-ல் வந்த சட்டம் மாணவருக்குத் தந்த உரிமை அது. விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம், பார்க்க முடியாத கடிதத்துக்குத்தான் மதிப்பு. தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் எழுதத் தயங்கினால், நீங்கள் செய்த வேலைகளைத் தேதியோடு ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். அவர் தன் பாணியில் எழுதட்டும். வாக்கியம் கொஞ்சம் முடமாக இருந்தாலும் அது உண்மையான கடிதம். மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருமுறை திறப்பவரா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கடைசி நாள் இரவில் ஓடுவதைத் தவிர்க்கலாம்.

மதிப்பெண் சான்றிதழில் ஒரு சிக்கல். நமக்கு 60 விழுக்காடு என்றால் முதல் வகுப்பு, அமெரிக்கர் கண்ணுக்கு அது தப்பிப் பிழைத்த மதிப்பெண். நீங்களாக நான்குக்கு இவ்வளவு என்று மாற்றிக் கணக்குப் போடாதீர்கள். பல்கலைக்கழகம் முதல் வகுப்புக்கு என்ன வரம்பு வைத்திருக்கிறது என்ற பக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் கேட்டால் டபிள்யு.இ.எஸ். போன்ற மதிப்பீட்டு நிறுவனம் மூலம் போகட்டும். சான்றிதழ் வாங்க வேண்டிய இடம், 2008-க்குப் பிறகு பி.எட். சேர்ந்தவர்களுக்கு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், அதற்குமுன் முடித்தவர்களுக்குச் சென்னை, மதுரை காமராசர், பாரதியார் என்று அந்தந்தப் பழைய பல்கலைக்கழகம். இளநிலை ஓரிடம், முதுநிலை அஞ்சல்வழியில் ஓரிடம், பி.எட். இன்னோரிடம் என்று இருப்பவர்கள் மூன்று படி ஏற வேண்டும். ஆகவே ஆகஸ்டிலேயே கிளம்பிவிடுவது நல்லது. ஜி.ஆர்.இ. தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. கேட்டால் எழுதுங்கள், கேட்காவிட்டால் அந்த நேரத்தைக் கட்டுரையில் செலவிடுங்கள். டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். பெரும்பாலும் தேவைப்படும்.

பணம்தான் கடைசியில் முடிவுசெய்யும். தனியார் பல்கலைக்கழகங்களில் முதுநிலைக்கு ஒரு வருடக் கல்விக் கட்டணம் மட்டுமே 50,000 டாலரைத் தாண்டுவது உண்டு. திரும்பி வந்து வாங்கப்போகும் பள்ளிச் சம்பளத்தில் அந்தக் கடனை அடைக்க முடியாது என்பதைத் துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டாலே தெரியும். பிஎச்.டி.க்கு நிலைமை மேல்: நல்ல துறைகளில் உதவியாளர் பணி கொடுத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதச் செலவுக்கும் தருவார்கள். எட்.டி.க்கு அநேகமாகக் கைக்காசுதான். ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகையின் துறைப் பட்டியலில் உயர்கல்வி நிர்வாகமும் இடம்பெற்று வந்திருக்கிறது. குறைந்தது மூன்று வருடப் பணி அனுபவம் கேட்பார்கள், படிப்பு முடிந்ததும் இந்தியா திரும்ப வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மாநில அரசின் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகை உண்டு. அதில் உங்கள் படிப்பு அடங்குமா என்பதை விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள். அரசு ஊழியராக இருந்தால் துறையின் அனுமதியும் விடுப்பும் தனிக் கதை. அந்தக் கோப்பு நகரும் வேகம் உங்களுக்கே தெரியும்.

உங்கள் இலக்கு தமிழ்நாட்டிலேயே மாவட்டக் கல்வி அலுவலர் ஆவது என்றால், அமெரிக்கப் பட்டம் அதற்குக் குறுக்குவழி ஆகாது. அதற்குப் பதவி உயர்வும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1சி தேர்வும்தான் வழி. இந்தத் துறையை இந்தியாவிலேயே ஆழமாகப் படிக்க டெல்லி ஸ்ரீ அரவிந்தர் சாலையில் நீபா இருக்கிறது. 1962-ல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கி, 1979-ல் தேசியக் கல்வித் திட்டமிடல், நிர்வாக நிறுவனம் என்று பெயர் பெற்று, 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அங்கே பிஎச்.டி. உண்டு; பணியில் இருக்கும் கல்வி அலுவலர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பட்டயப் படிப்புகளும் உண்டு. வேலையை விடாமல் படிக்க இக்னோவின் கல்வி மேலாண்மை, நிர்வாக முதுநிலைப் பட்டயம் இருக்கிறது. இந்தியப் பள்ளிகளையே ஆய்வுசெய்ய விரும்புகிறவருக்கு நீபாவில் கிடைக்கும் தரவும் தொடர்பும் கடல் தாண்டினால் கிடைக்காது என்பது என் கருத்து.

போவது என்றே முடிவுசெய்தால் நாள்காட்டியை இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பர். பிஎச்.டி. விண்ணப்பங்கள் அதற்கு முந்தைய டிசம்பரிலேயே மூடிவிடும், முதுநிலை ஜனவரி முதல் மார்ச் வரை. சான்றிதழ்களுக்கு ஆகஸ்ட், கட்டுரையின் முதல் வரைவுக்குச் செப்டம்பர், கடிதம் எழுதுபவர்களைப் பார்க்க அக்டோபர். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொண்ட தேதி அது, முன்னதாகவே பதில் சொல்லுங்கள் என்று யாராவது நெருக்கினால் அதை நினைவூட்டலாம். பிறகு ஐ-20 வரும், விசா நேர்காணல் வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் அதிகாரி, பள்ளிக்கூட ஆசிரியைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பார். அங்கே இரண்டு பக்கம் சொல்ல நேரம் இருக்காது. 7.10 பேருந்தைப் பற்றி நாலு வாக்கியத்தில் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள்.